தொட்டிப்பாலத்துத் தூணின் இடப்பக்கம் எங்கே போனது?

கேள்வி: அண்ணா, நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மாத்தூர் தொட்டிப்பாலத்தைக் கீழே ஆற்றங்கரையில் நின்று போனில் படம் எடுத்து, பைத்தானில் ஓப்பன்சிவி (படங்களை ஆராயும் நிரல் தொகுப்பு) வைத்து, விளிம்பு தேடும் சோபெல் முறையைப் போட்டேன். தூண்களின் வலப்பக்கக் கோடு மட்டும் பளிச்சென்று வருகிறது, இடப்பக்கம் இல்லவே இல்லை. மேலே தொட்டியையும் காணோம். பின்னால் நிற்கும் மரங்கள் முழுக்க வெள்ளைப் புள்ளி. பிறகு சிக்மா 3 (மங்கலின் அளவு) வைத்து மங்கலாக்கிவிட்டு கேனி என்ற இன்னொரு விளிம்பு முறையைப் போட்டேன், வரம்புகள் 50, 150. மரங்கள் போயின, ஆனால் தூணும் துண்டு துண்டாகிவிட்டது. எங்கே தப்பு? எங்கள் ஊர் முட்டம் பக்கம். இதே முறையில் கடல் எவ்வளவு கரையைத் தின்கிறது என்று அளக்க முடியுமா?

பதில்:

தம்பி, முதல் கேள்விக்கு மட்டும் விடை வேண்டுமென்றால் ஒரு வரி போதும். சோபெல் தரும் விடையை 8 பிட் எண்ணாக (0 முதல் 255 வரை மட்டும்) சேமித்திருக்கிறீர்கள். அதைக் குறியுள்ள 16 பிட் எண்ணாகவோ தசம எண்ணாகவோ வாங்கி, பிறகு மைனஸ் குறியை நீக்குங்கள். இடப்பக்கம் திரும்பி வந்துவிடும். மற்றக் கேள்விகளுக்கும் வேர் இங்கேதான் கிடக்கிறது என்பதால் கொஞ்சம் நிதானமாகவே போவோம்.

கறுப்பு வெள்ளைப் படம் என்பது எண்கள் நிரம்பிய கட்டம். ஒவ்வொரு பிக்சலிலும் 0 முதல் 255 வரை ஓர் எண். 0 கறுப்பு, 255 வெள்ளை. அந்த எண்ணை உயரம் என்று வைத்துக்கொண்டால் படம் ஒரு நிலமாகிவிடும். ஒரே வெளிச்சமுள்ள வானம் நாஞ்சில் நாட்டு வயல் மாதிரி தட்டையாகக் கிடக்கும். வானம் முடிந்து தூண் தொடங்குகிற இடம் ஆரல்வாய்மொழியில் மலை எழும்புகிற மாதிரி நட்டமாக நிற்கும். புத்தகத்தில் கிரேடியன்ட் என்று வருவது இந்த நிலத்தின் சரிவைத்தான். எந்தப் பக்கம் ஏறினால் ஏற்றம் மிகக் கடுமையோ அது சரிவின் திசை. எவ்வளவு கடுமை என்பது அதன் அளவு. இந்தக் கணக்குக்குத் தூண் தெரியாது, மரம் தெரியாது. வெளிச்சம் எங்கே மாறுகிறது என்பது மட்டும்தான் தெரியும். உங்கள் தொல்லைகளில் பாதி, அதற்கு அதிகம் தெரியும் என்று நம்பியதால் வந்தவை.

படிக்க நீங்கள் எடுத்த பாலம் அருமையான பாலம். 1966-ல் கட்டியது. பறளியாற்றுக்கு மேலே, உயரமான இடத்தில் 115 அடி, 28 தூண்கள், அவற்றின் தலையில் பட்டணங்கால் கால்வாய்த் தண்ணீர் ஓடும் கான்கிரீட் தொட்டி. நட்டுவாக்கில் தூண், கிடைவாக்கில் தொட்டி. பாடம் நடத்தவென்றே கட்டிவைத்த மாதிரி இருக்கும்.

ஒரு தூணைக் குறுக்காக வெட்டிப் போகிற ஒரு வரிசையை மட்டும் எடுப்போம். எண்கள் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்:

210, 210, 208, 150, 92, 90, 91, 90, 148, 209, 210

210 பக்கம் உள்ளதெல்லாம் வானம், 90 பக்கம் உள்ளது தூண். இடையில் வரும் 150-ம் 148-ம் பாதி வானமும் பாதித் தூணும் விழுந்த பிக்சல்கள். நிஜப் படத்தில் விளிம்பு கத்தியால் வெட்டியது போல இருக்காது. லென்சின் மென்மை, குவியம், கை நடுக்கம் எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று பிக்சலுக்கு இழுத்துவிடும். இப்போது ஒவ்வொரு பிக்சலிலும் அதன் வலப்பக்கத்து எண்ணிலிருந்து இடப்பக்கத்து எண்ணைக் கழியுங்கள். இரண்டு ஓரமும் போக மிச்சத்துக்குக் கிடைப்பது:

−2, −60, −116, −60, −1, 0, 57, 119, 62

பார்த்தீர்களா? தூணின் இடப்பக்கத்தில் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு இறங்குகிறோம், அதனால் மைனஸ். வலப்பக்கத்தில் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு ஏறுகிறோம், அதனால் பிளஸ். இரண்டுமே ஒரே பலமுள்ள விளிம்புகள். 8 பிட் எண்ணுக்கோ பூஜ்ஜியத்துக்குக் கீழே இடமே கிடையாது. ஓப்பன்சிவி அப்படிப்பட்ட எண்ணையெல்லாம் 0 ஆக்கிவிடும். −116 போய் 0 வந்தது. உங்கள் தூணின் இடப்பக்கம் அங்கேதான் போனது. வானத்தை விட வெளிச்சமான ஒன்றை, ஒரு வெள்ளைச் சுவரை, எடுத்திருந்தால் வலப்பக்கம் காணாமல் போயிருக்கும். ஓப்பன்சிவி இல்லாமல் பைத்தானின் எண் கணக்குத் தொகுப்பான நம்பையில் நேரடியாகக் கழித்திருந்தால் கதை இன்னும் கேவலம். அங்கே எண் சுற்றிக்கொண்டு வரும்: −116 என்பது 140 ஆகும், வெறும் −2 என்பது 254 ஆகும். ஒன்றுமே இல்லாத வானம் வெள்ளையாக எரியும். இதில் மாட்டிக்கொண்டு ஒரு முழு இரவை நான் தொலைத்திருக்கிறேன், அதனால் உங்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

தொட்டியைக் காணோம் என்றீர்களே, அதற்குக் காரணம் இடம் வலம் மட்டும் கழித்தது. கிடையாகப் போகிற தொட்டியின் விளிம்பில் இடமும் வலமும் ஒரே வெளிச்சம், கழித்தால் 0. அதைப் பிடிக்க மேலும் கீழும் கழிக்க வேண்டும். ஆகவே இரண்டு கணக்கு: கிடைவாக்கில் ஒரு மாற்றம், நட்டுவாக்கில் ஒரு மாற்றம். இரண்டையும் பள்ளிக்கூடத்துச் செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கங்களாக வைத்து, வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சரிவின் அளவு. கிடை மாற்றம் 300, நட்டு மாற்றம் 400 என்றால் சரிவு 500. வர்க்கமூலம் கணினிக்குச் செலவு என்று குறியை நீக்கி வெறுமனே கூட்டுகிறவர்களும் உண்டு. அப்போது இதே இடம் 700 என்று காட்டும். நேராக நிற்கும் தூணுக்கு இரண்டு வழியும் ஒரே விடை. 45 பாகையில் சாய்ந்த கோட்டுக்கு இரண்டாவது வழி 1.41 மடங்கு கூட்டிச் சொல்லும். ஓப்பன்சிவியின் கேனி நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் இந்த இரண்டாவது வழியில்தான் போகிறது. பின்னால் உள்ள சாய்ந்த மரக்கிளை தூணை விட முந்திக்கொண்டு வருவதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு. துல்லியமான வழியை இயக்க ஒரு தேர்வு அதிலேயே இருக்கிறது, போட்டுவிடுங்கள்.

திசையிலும் ஒரு குழப்பம் வரும். சரிவின் திசை விளிம்பு ஓடும் திசை அல்ல. விளிம்பைச் செங்குத்தாக வெட்டும் திசை. நட்டமாக நிற்கும் தூணின் இடப்பக்கத்தில் சரிவு இடது வானத்தை நோக்கிப் படுத்திருக்கும், ஏனென்றால் வெளிச்சம் அந்தப் பக்கம். மேலும் படத்தில் வரிசை எண் கீழ்நோக்கி ஏறுவதால், கணக்கு நோட்டில் வரையும் கோணம் இங்கே தலைகீழாகிவிடும். வாய்மொழித் தேர்வில் இதைக் கேட்பார்கள்.

சரி, வெறுமனே கழித்தால் போதுமே, சோபெல் எதற்கு? இரைச்சலுக்காக. கேமராவின் உணர்வி ஒரே வெளிச்சத்தைக்கூட ஒரே எண்ணாகத் தராது. 90 என்பது ஒரு பிக்சலில் 87, பக்கத்தில் 94. கழித்தல் என்கிற செயல் இந்த நடுக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டும். சோபெல் என்ன செய்கிறது என்றால், ஒரு வரிசையை மட்டும் நம்பாமல் மேல் வரிசை, நடு வரிசை, கீழ் வரிசை மூன்றிலும் கழித்து, 1, 2, 1 என்று எடை போட்டுக் கூட்டுகிறது. இந்த 3-க்கு 3 கட்டத்தைப் பாருங்கள்:

210, 150, 92
208, 148, 90
212, 152, 94

கிடை மாற்றம்: மேல் வரிசையில் 92 − 210 = −118. நடுவில் 90 − 208 = −118, இரட்டிப்பாக −236. கீழே 94 − 212 = −118. மொத்தம் −472. நட்டு மாற்றம் இதே முறையில் 2 + 4 + 2 = 8. ஆகச் சரிவு 472-க்கு ஒரு துளி மேலே, விளிம்பு ஏறக்குறைய நேர்நட்டம். இந்த 472 ஒரு பிக்சலுக்கு இத்தனை என்ற உண்மையான சரிவு அல்ல. எடைகளின் கூட்டல் 4, தூரம் 2 பிக்சல், ஆகவே 8-ஆல் வகுக்க வேண்டும்: 59. ஒரு திசையில் சோபெல் எட்டக்கூடிய உச்சம் 4 × 255 = 1020. இந்த 8-ஐ மறக்காதீர்கள், கேனியில் திரும்ப வரும்.

லாபம் எவ்வளவு என்று கேட்டால், ஒவ்வொரு பிக்சலிலும் திட்டவிலக்கம் 5 அளவுக்கு இரைச்சல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெறும் கழித்தலில், 2 பிக்சல் தூரத்தால் வகுத்த பிறகு, ஒரு பிக்சலுக்கான சரிவில் அது 3.5 ஆக இருக்கும்; சோபெலில் 2.2 ஆக இறங்கும். பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை, ஆனால் ஒன்பதே எண்ணில் கிடைப்பதை வேண்டாம் என்பானேன்.

இந்த முறைகளை உருவாக்கியவர்களின் வரலாறு சுவாரஸ்யமானது, ஆனால் சுருக்கமாகவே சொல்கிறேன். 1963-ல் லாரன்ஸ் ராபர்ட்ஸ் தன் எம்.ஐ.டி. ஆய்வேட்டில் 2-க்கு 2 கட்டத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கழித்து விளிம்பு தேடினார். பிற்பாடு இணையத்தின் தாயான ஆர்ப்பாநெட்டைக் கட்டியவர்களில் அவரும் ஒருவர். 1968-ல் ஸ்டான்ஃபோர்டில் இர்வின் சோபெலும் கேரி ஃபெல்ட்மனும் இந்த 1, 2, 1 கட்டத்தை ஓர் உரையில் வைத்தார்கள். 1970-ல் ஜூடித் ப்ரூவிட் 1, 1, 1 என்று சம எடை கொடுத்தார். பிறகு ஷார் 3, 10, 3 என்று வைத்தார். சாய்ந்த விளிம்புகளின் திசை அதில் இன்னும் சரியாக வரும். கோணம் முக்கியமில்லாத வேலைக்கு இந்த நான்கில் எதைப் போட்டாலும் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. எந்த ஆபரேட்டர் சிறந்தது என்று நாலு பக்கத்துக்கு அட்டவணை போடும் மாணவர்களைப் பார்க்கிறேன்; அந்த நேரத்தில் வெயில் சாய்ந்த பிறகு இன்னொரு படம் எடுத்திருக்கலாம்.

இப்போது மரங்களுக்கு வருவோம். உங்கள் படத்தில் மரம் வெள்ளைப் புள்ளியானது பிழையே இல்லை. ஒவ்வொரு இலைக்கும் ஒரு வெளிச்சப் பக்கம், ஒரு நிழல் பக்கம். இலைக்கு நடுவே வானம் ஒழுகுகிறது. அங்கெல்லாம் வெளிச்சம் உண்மையாகவே மாறுகிறது, அதுவும் தூணில் மாறுவதை விடக் கடுமையாக. நீங்கள் கேட்டதற்குச் சோபெல் நேர்மையாக விடை சொல்லியிருக்கிறது. உங்களுக்கு வேண்டியது இலை அளவிலான மாற்றம் அல்ல, தூண் அளவிலான மாற்றம். அதைக் கணக்குக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும், சொல்லும் வழி மங்கலாக்குதல். காசியன் மங்கலில் வரும் சிக்மா என்ற எண் ‘இத்தனை பிக்சலுக்குச் சிறிய விஷயத்தை எனக்குக் காட்டாதே’ என்று சொல்வதற்குச் சமம். இலை 4 பிக்சல், தூண் 60 பிக்சல் என்றால் சிக்மா 3 வைத்தால் இலைகள் கரைந்து பச்சைக் குழம்பாகிவிடும், தூண் நிற்கும். நீங்கள் 3 வைத்தது சரியான முடிவுதான்.

அந்த முடிவுக்கு ஒரு விலை உண்டு. அதை நீங்கள் கொடுக்கவில்லை, அதனால்தான் தூண் அறுந்தது.

மங்கலாக்கும்போது ஏற்றத்தின் உயரம் குறையாது, ஆனால் அது படுத்துவிடும். செங்குத்தான படிக்கட்டைத் தட்டிச் சாய்தளம் ஆக்குவது போல. உயரம் 118 உள்ள கூர்மையான விளிம்பை மங்கலாக்கினால் அதன் உச்சச் சரிவு, 118-ஐ சிக்மாவாலும் 2.507-ஆலும் வகுத்தால் கிடைப்பது (2.507 என்பது 2 பையின் வர்க்கமூலம்). சிக்மா 1 என்றால் 47. சிக்மா 3 என்றால் 15.7. சோபெல் கணக்கில் 8-ஆல் பெருக்கினால் முதலாவது சுமார் 377, இரண்டாவது சுமார் 125. நீங்கள் கேனிக்கு வைத்த மேல் வரம்பு 150. வானத்துக்கு எதிரே கம்பீரமாக நிற்கும் தூணே 125-தான் எடுக்கிறது, 150-ஐத் தாண்ட முடியவில்லை! 50, 150 என்பது இணையத்தில் ஊர் ஊராகச் சுற்றும் ஜோடி. அது நல்ல ஜோடியும் இல்லை, கெட்ட ஜோடியும் இல்லை. வேறு யாரோ வேறு சிக்மாவுக்கு வைத்தது. சிக்மாவை ஏற்றினால் வரம்பை இறக்க வேண்டும்.

இந்த இரண்டு வரம்பு என்ன செய்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேனியின் அழகே அதில்தான் இருக்கிறது. ஜான் கேனி 1986-ல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு நல்ல விளிம்புக் கண்டுபிடிப்பான் எப்படி இருக்க வேண்டும் என்று மூன்று நிபந்தனை வைத்தார்: இருக்கும் விளிம்பை விடக் கூடாது, இல்லாததைச் சொல்லக் கூடாது என்பது ஒன்று. சொல்லும் இடம் உண்மையான இடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது ஒன்று. ஒரு விளிம்புக்கு ஒரே கோடுதான் வர வேண்டும் என்பது மூன்றாவது. இந்த மூன்றாவதுக்காக, சரிவின் திசையில் முன்னும் பின்னும் ஒரு பிக்சல் பார்த்து, இரண்டையும் விடத் தான் உயர்ந்தவனாக இருந்தால் மட்டும் நிற்கச் சொல்கிறது. நம் முதல் வரிசையில் −60, −116, −60 என்று வந்ததில் 116 மட்டும் பிழைக்கும், இரண்டு 60-ம் போகும். மலைத்தொடரின் முகட்டை மட்டும் வரைந்துவிட்டுச் சரிவுகளை அழித்த மாதிரி. தடித்த சோபெல் கோடு ஒரு பிக்சல் கோடாவது இப்படித்தான்.

பிறகு வரம்புகள். மேல் வரம்பைத் தாண்டியவர்களுக்கு அனுமதி. கீழ் வரம்புக்கும் கீழே இருப்பவர்களுக்கு இல்லை. நடுவில் நிற்பவர்கள், அனுமதி பெற்ற ஒருவரோடு தொடர்ச்சியாகக் கை கோத்திருந்தால் உள்ளே வரலாம். கல்யாண வீட்டுப் பந்தியில் நடப்பதுதான்: மாமாவைத் தெரியும், மாமாவோடு வந்தவரை அவரை வைத்துத் தெரியும், தனியாக வந்து நிற்பவரை யாருக்கும் தெரியாது. உங்கள் தூணில் என்ன நடந்தது என்பதை இதை வைத்துப் பாருங்கள். தூணின் மேல் பாதிக்குப் பின்னால் வானம், கீழ்ப் பாதிக்குப் பின்னால் மரம். மரத்துக்கு எதிரே தூணின் வித்தியாசம் சில இடங்களில் 118 இல்லை, 30 அல்லது 40 இருக்கும். வித்தியாசம் 47-க்குக் கீழே போனால் சரிவு 50-க்குக் கீழே போய்விடும். அங்கே கோடு அறும். அறுந்த துண்டுகளில் எதிலாவது ஒரு இடத்தில் வெள்ளை மேகம் பின்னால் வந்து 150-ஐத் தொட்டிருந்தால் அந்தத் துண்டு முழுக்கப் பிழைத்திருக்கும். தொடாத துண்டு, கண்ணுக்கு எவ்வளவு தெளிவாக இருந்தாலும், அடையாளம் சொல்ல ஆளில்லாமல் வெளியே போயிருக்கும். மேல் வரம்பை 90, கீழ் வரம்பை 35 என்று வைத்துப் பாருங்கள். கேனி சொன்ன விகிதம் இரண்டுக்கு ஒன்று முதல் மூன்றுக்கு ஒன்று வரை. இது அதற்குள் வரும். முடிந்தால் சிக்மாவையும் 2-க்கு இறக்குங்கள்.

அப்போதும் சில இடம் அறுந்தே இருக்கும். ஆடி மாதச் சாரல் மேகத்தின் சாம்பலும் பழைய கான்கிரீட்டின் சாம்பலும் ஒன்றாகிற இடத்தில் சரிவு என்பதே இல்லை. உங்கள் கண் அங்கே கோட்டைப் பார்க்கிறது என்றால், அது தூண் என்று தெரிந்த மூளை நிரப்பிக்கொள்கிறது. கணினிக்கும் அதே அறிவைக் கொடுக்கலாம்: அறுந்த புள்ளிகளுக்கு நடுவே நேர்க்கோடு பொருத்துகிற ஹஃப் உருமாற்றம் இதற்குத்தான் இருக்கிறது. ஆனால் அது நேர்க்கோடு உண்டு என்று முன்கூட்டியே நம்புவது. பாலத்துக்குச் சரி, மரத்துக்குச் சரிப்படாது.

இன்னொன்று, படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பி வாங்கி வேலை செய்யாதீர்கள். ஜேபெக் சுருக்கம் படத்தை 8-க்கு 8 கட்டங்களாக வெட்டித்தான் சுருக்கும். அழுத்தம் கூடினால் கட்டத்தின் ஓரங்களே விளிம்பாக வரும், வானத்தில் ஓலைப்பாய் பின்னியது போல. டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். போன் தானாகச் செய்யும் கூர்மையாக்கலும் தூணைச் சுற்றி ஒரு வெள்ளை விளிம்பை வரைந்துவிடும், அது இரட்டைக் கோடாக வரும்.

இதெல்லாம் எனக்குப் புத்தகத்தில் வந்த அறிவு இல்லை. நம் மாவட்டத்து முந்திரி ஆலை ஒன்றுக்குப் பருப்பு அளவு பிரிக்கும் கேமரா வைத்துக் கொடுக்கப் போனேன். 240 ரகம், 320 ரகம் என்பார்களே, ஒரு பவுண்டுக்கு எத்தனை முழுப் பருப்பு என்பது. அந்த அளவைக் கேமரா பார்த்துச் சொல்ல வேண்டும். பருப்பின் விளிம்பு கிடைத்தால் அளவு கிடைத்துவிடும், அவ்வளவுதானே என்று போனவன் மூன்று வாரம் வரம்பைத் திருகிக்கொண்டே இருந்தேன். பருப்பு ஓடும் பட்டை வெள்ளை, பருப்பு தந்த நிறம். சரிவே இல்லாத இடத்தில் சரிவு தேடியிருக்கிறேன். தோலுரிக்கும் பகுதியில் வேலை செய்த அக்கா ஒருவர் கடந்து போகும்போது, “இந்த வெள்ளையில வச்சா எங்களுக்கே கண்ணு தெரியாதே தம்பி, நீல பேசின்லதான் கொட்டிப் பாப்போம்” என்றார். பட்டையை நீலமாக்கினோம்.

அதோடும் முடியவில்லை. தந்த நிறப் பருப்பில் சிவப்பு 235, பச்சை 220, நீலம் 180 என்று வைத்துக்கொண்டால், நீலப் பட்டையில் 30, 70, 170. சாம்பலாக மாற்றும் வழக்கமான எடைகள் சிவப்புக்கு 0.299, பச்சைக்கு 0.587, நீலத்துக்கு 0.114. அப்படி மாற்றினால் பருப்பு 220, பட்டை 69, வித்தியாசம் 151. சிவப்பு வண்ணத்தை மட்டும் எடுத்தால் வித்தியாசம் 205. நீலத்தை மட்டும் எடுத்தால் வெறும் 10! பட்டை நீலம்தானே என்று முதலில் நீல வண்ணத்தை எடுத்து இன்னொரு நாளையும் தொலைத்தேன். சிவப்பில் எடுத்ததும் சாதாரண சோபெலே போதுமானதாக இருந்தது, கேனிகூடத் தேவைப்படவில்லை.

இதன் மறுபக்கத்தையும் நினைவில் வையுங்கள். ஓட்டுக்கூரையின் சிவப்பு 200, 60, 60 என்றும் அதன் மேல் சாயும் தென்னை ஓலையின் பச்சை 60, 130, 60 என்றும் இருந்தால், சாம்பலில் முதலாவது 102, இரண்டாவது 101. கண்ணுக்கு இரவும் பகலும் போல இருப்பது கறுப்பு வெள்ளையில் ஒன்றாகிவிட்டது. படத்தைச் சாம்பலாக்குவது எந்தக் கேடும் இல்லாத முதல் படி என்று எல்லாப் பாடமும் சொல்லிக்கொண்டு போகிறது. அதை நம்பாதீர்கள்.

கடைசியாக உங்கள் கடற்கரை. அளக்கலாம், ஆனால் பாலத்தை விட நூறு மடங்கு கவனம் வேண்டும். கரைப் படத்தில் சரிவு மிக அதிகமான இடம் அலையின் நுரை. அது கரைக்கோடு இல்லை, அந்த நொடியில் அலை இருந்த இடம். அடுத்த நொடியில் பத்து அடி தள்ளி இருக்கும். ஒரே படத்தில் விளிம்பு எடுத்தால் நீங்கள் அளப்பது கடலரிப்பை அல்ல, உங்கள் விரல் எப்போது பட்டனைத் தொட்டது என்பதைத்தான். கேமராவை ஒரு இடத்தில் அசையாமல் கட்டி, 10 நிமிடம் வீடியோ எடுத்து, எல்லாச் சட்டகங்களையும் சராசரி எடுங்கள். நுரை இழுபட்டு மெத்தென்ற வெண்பட்டையாகும், இரைச்சலும் குறையும். கரையை ஆராய்கிறவர்கள் பல பத்தாண்டாக இப்படித்தான் செய்கிறார்கள். பிறகு சாம்பல் வேண்டாம். மணலில் சிவப்பு தூக்கலாக இருக்கும், தண்ணீரில் நீலம் தூக்கலாக இருக்கும், ஆகவே சிவப்பை நீலத்தால் வகுத்த படத்தில் சரிவு எடுங்கள்.

உங்கள் பக்கம் ஒரு கூடுதல் வில்லங்கம் உண்டு. மணவாளக்குறிச்சிக் கருமணல். அலை இல்மனைட் என்ற கனமான கறுப்புக் கனிமத்தை ஒதுக்கிவிட்டு வெள்ளை மணலைக் கொண்டுபோகும்போது கரையில் கறுப்புக் கறுப்பாகப் பட்டைகள் படியும். கணக்குக்கு அவை கரைக்கோட்டை விட நல்ல விளிம்புகள். ஈர மணல் காய்ந்த மணலைத் தொடும் கோடும் அப்படியே. இவற்றில் எது கரை என்று சரிவால் சொல்ல முடியாது. அது கடலை தினம் பார்க்கிறவருக்குத் தெரியும், உங்கள் ஊர் வலைக்காரர்களை ஒரு நாள் கூடவே நிறுத்திக் கோட்டைக் காட்டச் சொல்லுங்கள். எது வண்ணத்தில் பிரியும் என்பதை அதன் பிறகு பார்க்கலாம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக் கடல் மணலை வாரிக்கொண்டு போகும், பிறகு மெல்லத் திருப்பியும் தரும். ஆகவே ஜனவரிப் படத்தை ஆகஸ்ட் படத்தோடு ஒப்பிட்டு ஊரே போய்விட்டது என்று எழுதிவிடாதீர்கள். ஒரே மாதம், கடல் ஏற்ற இறக்கத்தில் ஒரே நிலை, அப்படித்தான் ஒப்பிட வேண்டும். தூண்டில் வளைவு போட்டிருக்கிற இடமானால் அதன் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக எடுங்கள். ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் அரிக்கும், சேர்த்துச் சராசரி எடுத்தால் ஒன்றுமே நடக்காதது போலத் தெரியும்.

பிக்சல் அடியாவதற்கும் வழி வேண்டுமே. சாய்வாக எடுத்த படத்தில் கிட்டத்து ஒரு பிக்சல் ஓர் அங்குலமாக இருக்கும், தூரத்து ஒரு பிக்சல் பல அடியாக இருக்கும். கேமரா பார்க்கிற பரப்பில் கடல் தொடாத உயரத்தில், தூரத்தை டேப் வைத்து அளந்து, நாலு மூலைக்கு நாலு சிமென்ட் கல் நட்டு அதன் தலையில் சிவப்புப் பெயின்ட் அடியுங்கள். அந்த நாலு புள்ளியை வைத்து ஓப்பன்சிவியிலேயே படத்தை மேலிருந்து பார்த்தது போலத் திருப்பிவிடலாம். கல்லை நடும் முன் அங்கே வள்ளம் இழுக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்; இல்லாவிட்டால் மறுநாள் காலையில் கல் இருக்காது.